ஜென்ஸ் ரூம், லேடீஸ் ரூம்

"உங்க வூட்டுக்காரம்மாவக் கூட்டிக்கினு வாங்க சார். அவங்க வந்து உக்காராம நான் ரூம் போட மாட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் செவ்வந்திக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே என்று டிராவல்ஸ் கடை முதலாளி பெரியண்ணன் அவளை வேலைக்குச் சேர்த்த அன்றே சொல்லிவைத்திருந்தார். "ஆம்பள தனியா வந்தா பத்து நிமிசத்துல புக்கிங் முடிஞ்சிரும்மா. புருசன் பொண்டாட்டியா வந்து உக்காந்தா, உங்க அக்கா வூட்டுக்குப் போனோமே, என் தங்கச்சி வூட்டுக்குப் போனோமான்னு ஆரம்பிச்சிருவாங்க. அதப் பேசி முடிச்சிட்டு வரோம்னு எழுந்து போனவங்க யாரும் திரும்பி வந்ததா சரித்திரமே இல்ல."

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சிவப்பிரகாசம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதல் ஷிப்ட் முடிந்து நேராக மெயின் பஜாருக்கு வந்திருந்தார். குளித்துவிட்டு வந்திருந்தாலும் காது மடலின் ஓரத்தில் கரித்தூள் மிச்சமிருந்தது. நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் ஃபோர்மேன். முப்பத்துநான்கு வருட சர்வீஸ். ஜனவரி கடைசியில் ரிடையர்மென்ட்.

"அவ எதுக்கும்மா? ஆதார் காப்பி, போட்டோ எல்லாம் நானே கொண்டாந்திருக்கேன்."

"பிரச்சனை ஆதார்ல இல்ல சார். இதுல."

அவர் கொடுத்த தாளை அவள் அவர் பக்கமே திருப்பி வைத்தாள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட தாள். ஷிப்ட் டியூட்டி லிஸ்ட் மாதிரி வரிசை எண்ணெல்லாம் போட்டிருந்தது. இடது பக்கம் 'ஜென்ஸ் ரூம்' என்ற தலைப்பின் கீழ் சிவப்பிரகாசம், பழனிவேல், இன்னும் இரண்டு பேர். வலது பக்கம் 'லேடீஸ் ரூம்'. அவருடைய மனைவி கஸ்தூரியம்மாள், பழனிவேலின் மனைவி காந்திமதி, இன்னும் இரண்டு பேர். கீழே அடிக்கோடிட்டு: சென்னையிலிருந்து கிளம்பும் கப்பல், நாலு ராத்திரி, மாசி மாதம்.

"இதுல இன்னா தப்பு?" என்றார் சிவப்பிரகாசம். உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை.

தெரியாததற்குக் காரணம் இருந்தது. மைன்ஸ் டவுன்ஷிப்பில் அவர் குடியிருக்கும் பிளாக்கில் ஒரே வரிசை குவார்ட்டர்ஸில் அந்த நாலு குடும்பமும் இருபத்தைந்து வருடமாகச் சேர்ந்தே டூர் போகிறது. வேளாங்கண்ணி, குற்றாலம், திருச்செந்தூர், ஒருமுறை மைசூர். வேனில் டிரைவர் பக்கத்து சீட்டுகளில் ஆண்கள், நடுவிலிருந்து பின்னால் பெண்கள். லாட்ஜில் இரண்டே ரூம். சம்பளம் கம்மியாக இருந்த காலத்தில் நாலு ரூம் எடுக்க முடியாமல் பழனிவேல் கண்டுபிடித்த ஏற்பாடு அது. பிறகு சம்பளம் ஏறியது. பிள்ளைகள் படித்து, கல்யாணமாகி, ஓசூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். ரூம் மட்டும் இரண்டாகவே நின்றுவிட்டது.

"சார், இது எதுக்காகப் போற டூரு?"

"ரிடையர்மென்ட் டூர். கல்யாணமாகி முப்பத்தொரு வருசம் ஆவுது. பொண்ணு இசைப்பிரியா போன் பண்ணி, இந்த வாட்டியாவது அம்மாவ எங்கியாவது தனியாக் கூட்டிக்கினு போப்பான்னா."

"தனியான்னா?"

"தனியாத்தான். பசங்க, பேரப்பசங்க யாரும் இல்லாம."

"எட்டு பேரு."

"ஆமா, எட்டு பேரு மட்டுந்தான்."

செவ்வந்திக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. அவளுக்கு எப்போதும் அப்படித்தான். எரிச்சல் கொஞ்சம் முந்திக்கொள்ளும். வடலூருக்கு அந்தப் பக்கம் ஒரு காலனியில் கூலி வேலைக்காரர்களுக்குப் பிறந்து, அந்தத் தெருவிலேயே முதல் ஆளாக பி.காம். முடித்தவள். "கேக்காத", "பேசாத", "அவங்க பெரியவங்க" என்பதையெல்லாம் சோற்றோடு சேர்த்து ஊட்டித்தான் வளர்த்தார்கள். அதில் ஒன்றும் உள்ளே தங்கவில்லை.

"கப்பல் ரூம்ல கீழ ரெண்டு கட்டில், மேல ரெண்டு தொங்கு கட்டில் சார். மேல யாரு ஏறுவா?"

"பழனிவேல் ஏறுவான்."

"கட்டின பொண்டாட்டிய ஒரு கதவுக்கு அந்தாண்ட வுட்டுட்டு, நீங்க நாலு ராத்திரியும் பழனிவேல் சார் குறட்டையக் கேட்டுக்கினு வரப் போறீங்க. இதுக்கு எதுக்கு சார் கப்பலு? பக்கத்துல இருக்கற மந்தாரக்குப்பம் லாட்ஜே போதுமே."

சிவப்பிரகாசம் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தாள். அவர் வாசல் வரை போய், திரும்பி, "நாளைக்கு மூணு மணிக்குக் கூட்டிக்கினு வரேன். கத்தாத," என்றார்.

மறுநாள் பெரியண்ணன் கடையில் இல்லை. கடையின் டூர் வேனுக்கு எஃப்.சி. காட்டக் கடலூர் போயிருந்தார். அது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று.

கஸ்தூரியம்மாள் தலைக்குக் குளித்து, மல்லி வைத்து, பேங்குக்கு லோன் கேட்க வந்தவர் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். செவ்வந்தி கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினாள். அந்தத் திரையை இதுவரை எந்தப் பெண்ணும் அந்தப் பக்கமிருந்து பார்த்ததில்லை.

"அம்மா, கப்பல்ல மூணு விதமா ரூம் இருக்கு. ஒண்ணு உள்பக்கம், ஜன்னலே கெடையாது. விலை கம்மி. ஒண்ணுல ஜன்னல் இருக்கும், தொறக்க முடியாது, கடலப் பாக்கலாம். இன்னொண்ணுல பால்கனி. நாற்காலி போட்டு வெளிய உக்காரலாம்."

"ஜன்னல் இல்லன்னா விடிஞ்சது எப்படி கண்ணு தெரியும்?"

"தெரியாதும்மா."

"எனக்கு அதான் தோது," என்றார் சிவப்பிரகாசம். "பாதி சர்வீஸ் பகல்லதான் தூங்கியிருக்கேன். நைட் ஷிப்ட் முடிச்சு வந்தா ஜன்னல்ல போர்வையக் கட்டிட்டுத்தான் படுப்பேன்."

"சார், நான் அம்மாவக் கேட்டேன்."

"அவளுக்கும் அப்படித்தாம்மா."

செவ்வந்தி அவரைப் பார்த்த பார்வையில் அவர் நாற்காலியை அரை அடி பின்னால் தள்ளிக்கொண்டார்.

"அடுத்து முக்கியமானது. கப்பல் ஆடும். ரொம்ப இல்ல, ஆனா ஆடும். பஸ்ல, வேன்ல போனா உங்களுக்குத் தல சுத்துமா, வாந்தி வருமா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல," என்றார் சிவப்பிரகாசம். "இவ இரும்பு. கொல்லிமலைக்குப் போனோம், எழுவது வளைவு. அசையல."

கஸ்தூரியம்மாள் முந்தானை நுனியை விரலில் சுற்றினார். "எனக்குப் பண்ருட்டி தாண்டறதுக்குள்ளயே வந்துடும் கண்ணு."

"எது?"

"வாந்தி."

சிவப்பிரகாசம் நாற்காலியோடு மனைவி பக்கம் திரும்பினார்.

"வாந்தியா? உனக்கா?" என்றார் சிவப்பிரகாசம். "எப்ப?"

"எப்பவும்தான். வேன் ஏறின அர மணி நேரத்துல. காந்திமதி மடியில கவர் வெச்சிக்கினே வருவா. கொல்லிமலையில நாலு கவரு."

"நான் பாக்கவே இல்லியே."

"நீங்க முன்னாடி உக்காந்துக்கினு டிரைவருக்கு வழி சொல்லிக்கினு வருவீங்க. எப்படித் தெரியும்?"

குறை சொல்கிற மாதிரி இல்லை, ரேஷன் கடை எந்தப் பக்கம் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். ஆனால் சிவப்பிரகாசத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இருபத்தைந்து வருடத்து டூர்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றின் பின்சீட்டிலும் தன் மனைவி கவரைப் பிடித்துக்கொண்டு குனிந்திருப்பதை இப்போதுதான் பார்க்கிறவர் மாதிரி இருந்தார். பெல்ட் ரோலரில் ஒரு சின்னச் சத்தம் மாறினாலே ரிப்பேர் ஆளைக் கூப்பிடுகிற மனிதர்.

செவ்வந்தி குரலைக் கொஞ்சம் இறக்கினாள். "அப்படின்னா கீழ் தளத்துல, கப்பலுக்கு நட்டநடுவுல ரூம் எடுக்கணும்மா. ஊஞ்சல் பலகையோட ஓரத்துல உக்காந்தா ஒரு மாதிரி, கட்டின எடத்துகிட்ட உக்காந்தா ஒரு மாதிரி இல்ல? அது மாதிரி. நடுவுல ஆட்டம் கம்மி. காத்து முகத்துல படணும். உங்களுக்கு ஜன்னல் இல்லாத ரூம் ஆவவே ஆவாது. கப்பல் ஏறறதுக்கு முன்னாடியே டாக்டரக் கேட்டு மாத்திரை போட்டுக்கணும், வாந்தி வந்தப்புறம் போட்டுப் பிரயோஜனம் இல்ல. மாசி மாசம்னு சார் எழுதியிருக்கறது நல்லதுதான், கடல் அடங்கியிருக்கும். ஐப்பசி கார்த்திகைன்னா நானே வேணான்னு சொல்லியிருப்பேன்."

"நீ போயிருக்கியா கண்ணு?"

"எங்க?"

"கப்பல்ல."

"இல்லம்மா. நான் கடலூர் பீச்சோட சரி. இதெல்லாம் படிச்சது. போய்ட்டு வந்த பத்து பேரப் போன்ல புடிச்சுக் கேட்டது."

அந்தப் பதில் கஸ்தூரியம்மாளுக்குப் பிடித்திருக்க வேண்டும். நாற்காலியில் நன்றாகப் பின்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

செவ்வந்தி அடுத்ததைக் கேட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் அவரை வரவழைத்ததே.

"ரூம்ல உங்ககூட யாரும்மா இருக்கணும்? சாரா, இல்ல மத்த லேடீஸா?"

பதில் தனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் கேட்டாள். சிவப்பிரகாசத்தை ஒரு வெற்றிப் பார்வை பார்க்கக்கூடத் தயாராகிவிட்டாள்.

"லேடீஸ் ரூமே போதும் கண்ணு," என்றார் கஸ்தூரியம்மாள்.

செவ்வந்திக்கு முகத்தில் தண்ணீர் அடித்த மாதிரி ஆனது.

"காந்திமதி இருந்தா விடிய விடியப் பேசிக்கினு இருப்போம். சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்கும். வருசத்துக்கு ஒருக்கா எனக்குக் கெடைக்கறது அதான். இவரோட இருந்து நான் இன்னாத்த பேசறது?"

"இன்னாத்தவா? நான் பேசுவனே," என்றார் சிவப்பிரகாசம்.

"எப்ப பேசினீங்க?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். கல்யாணமான புதிதில் குவார்ட்டர்ஸில் அவருடைய அம்மா, இரண்டு தம்பிகள். தம்பிகளுக்கு வேலை கிடைத்துப் போவதற்குள் மகள் பிறந்துவிட்டாள். ஒரு வாரம் காலையில் ஷிப்ட், ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் ராத்திரி. அவர் வீட்டுக்கு வரும்போது கஸ்தூரியம்மாள் தூங்குவார். அந்த அம்மாள் எழுந்திருக்கும்போது அவர் படுப்பார். இடையில் சாப்பாட்டு டப்பா கைமாறும்.

"நீ சொல்றது சரிதான்," என்றார் கடைசியில். பிறகு செவ்வந்தியைப் பார்த்து, "எனக்கு மட்டும் ஆசையில்லன்னா நினைக்கற? பழனிவேல்கிட்ட எப்படிம்மா சொல்றது, நாங்க தனி ரூமுன்னு? சிரிப்பான்."

"உங்க பொண்டாட்டிதான சார்?"

"பொண்டாட்டிதான். அதுக்காக?"

சிவப்பிரகாசம் மனைவி பக்கம் திரும்பாமலே, சுவரில் இருந்த கப்பல் படத்தைப் பார்த்துப் பேசினார்.

"நைட் ஷிப்ட்ல மைன்ஸ்ல தோண்டிக் கொட்டின மண்மேட்டு மேல நின்னா நம்ம பிளாக் தெரியும். எல்லா வூட்டுலயும் வெளக்கு அணைஞ்சிருக்கும். மூணு மணிக்கு நம்ம வரிசையில ஒரே ஒரு வெளக்கு எரியும். கஸ்தூரி எழுந்திருக்கா, நான் சாப்டனான்னு நினைச்சிக்கிறா போலன்னு... நான் பாட்டுக்கு நினைச்சிக்குவேன். எத்தினியோ வருசமா."

கஸ்தூரியம்மாள் கணவரை உற்றுப் பார்த்தார்.

"மூணு மணிக்கு நான் எதுக்கு எழுந்துக்கறேன்? அது பழனிவேல் அண்ணன் வூடு. அவருக்குச் சுகரு. ராத்திரியில நாலு தடவ எழுந்து போவாரு."

செவ்வந்தி அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. முதலில் சிரித்தது அவள்தான். அப்புறம் கஸ்தூரியம்மாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். சிவப்பிரகாசம் முதலில் முறைத்துப் பார்த்தார். பிறகு, "அப்ப இத்தினி வருசமா அந்தப் பயல நினைச்சா நான் சந்தோசப்பட்டுக்கினு இருந்தேன்?" என்று அவரும் கலந்துகொண்டார்.

சிரித்து ஓய்ந்ததும் கஸ்தூரியம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இத ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல?" என்றார்.

"நீ கேக்கலியே."

"சொல்லணும்ங்க. நான் கேக்கலன்னாலும்." பிறகு திரையைப் பார்த்தார். "அந்தப் பால்கனி, அதுல எத்தினி நாற்காலி கண்ணு போட்டிருக்கான்?"

"ரெண்டும்மா."

"சரி."

அந்தச் 'சரி'க்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. கீழ்த் தளம், நடுப்பகுதி, பால்கனி ரூம் ஒன்று காலியாக இருந்தது. முன்பணத்தை சிவப்பிரகாசம் போனிலேயே போட்டார். ஆனால் உறுதி செய்யும் பட்டனை மட்டும் அழுத்தவிடவில்லை. பழனிவேலிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், அதுதான் மரியாதை, மற்ற ஆறு பேருக்கு ரூம் போடுவதையும் அப்புறம் சொல்கிறேன் என்றார். மறுநாள் மாலை ஐந்து மணி வரை அந்த ரூமை அவர்கள் பெயரில் பிடித்துவைக்க முடியும். ஐந்து அடித்தால் கைவிட்டுப் போய்விடும். அந்தத் தேதியில் அப்படி வேறு ரூம் இல்லை.

போகும்முன் செவ்வந்தி ஒரு தாளில் எழுதிக்கொடுத்தாள், வாயாலும் சொன்னாள். "முந்தின நாளே சென்னைக்குப் போய்த் தங்கிருங்க, விடியக்காலம் கெளம்பினா போதும்னு நினைக்காதீங்க. வேன் மாதிரி நமக்காக நிக்காது, கதவச் சாத்திருவான். பெரிய பெட்டிய வாங்கிக்கினு சாயங்காலமா ரூமுக்கு அனுப்புவாங்க. மாத்திரை, ஒரு மாத்துத் துணி, ஆதார், இதெல்லாம் கைப்பையில இருக்கணும். ஆதார்ல இருக்கற பேரும் டிக்கெட்டுல இருக்கற பேரும் ஒரு எழுத்து மாறக் கூடாது. கரைய வுட்டு நவுந்ததும் போன் எடுக்காது. பொண்ணுகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, இல்லன்னா பயந்து போய் போலீசுக்குப் போயிரும். அப்புறம் அம்மா, புளிசோறு கட்டிக்கினு போவக் கூடாது."

"எட்டுப் பேருக்கும் நான்தானே எப்பவும் கட்டுவேன்!"

"வெளிச் சாப்பாட்ட உள்ள வுட மாட்டாங்க. அங்கியே மூணு வேளையும் உண்டு."

"அப்ப நாலு நாளும் நான் சமைக்கவே வேணாமா?" என்று கேட்டுவிட்டு கஸ்தூரியம்மாள் கணவர் பக்கம் திரும்பினார். "இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? நேத்தே வந்திருப்பேன்."

இருவரும் வண்டியில் ஏறிப் போவதை அவள் வாசலில் நின்று பார்த்தாள். சிவப்பிரகாசம் வண்டியை மிக மெதுவாக, வேகத்தடை இல்லாத இடத்தில்கூடத் தயங்கித் தயங்கி ஓட்டிப் போனார்.

அடுத்த நாள் நாலரை மணிக்குப் பெரியண்ணன் கடைக்குள் நுழைந்தபோது அவர் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பக்கூட மறந்திருந்தார்.

"கேக்காதன்னு சொன்னத நீ கேட்டிருக்க."

"கேட்டேன்ணே."

"பழனிவேல் போன் பண்ணாரு. கேன்டீன்ல இன்னிக்கு ஃபுல்லா இதான் பேச்சாம். ரிடையர் ஆவற வயசுல சிவப்பிரகாசத்துக்கு ஹனிமூன்னு. அதோட போவல. அந்தம்மா காந்திமதி, அப்ப நமக்கும் தனி ரூம் போடுன்னு ஒக்காந்துகிச்சாம். அவரு முடியாதுன்னிருக்காரு. ராத்திரியில இருந்து அடுப்பு எரியல. ஆர்ச் கேட் ஓட்டல்ல இட்லி வாங்கித் தின்னுட்டு எனக்குப் போன் பண்றாரு, உன் கடையில இருக்கற பொண்ணு எங்க பிளாக்கையே ஒடச்சிட்டான்னு."

செவ்வந்திக்குக் காந்திமதியை நேரில் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

"சிரிக்காத. வேளாங்கண்ணி, ஆடி மாசக் கோயில், பசங்க லீவு, அந்த பிளாக்குலேருந்து போற வேன் அத்தனையும் பழனிவேல் கைகாட்டிப் போறது. அவரு மூஞ்சியத் திருப்பினா எனக்கு ரெண்டு வேன் ஷெட்டுல நிக்கும். அந்த ரூம வுட்ரு. பழைய லிஸ்ட் படி ரெண்டு ரூம் போடு."

"கஸ்டமர் சொல்லட்டும்ணே."

"சொல்லுவாரு." பெரியண்ணன் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மேசையில் வைத்தார். சிவப்பிரகாசம் எடுத்ததும், "இன்னா சார், பழைய மாதிரியே போட்டுரலாமா? எல்லாரும் சந்தோசமாப் போய்ட்டு வரலாம்," என்றார்.

சிவப்பிரகாசத்தின் குரல் பாதியாக இறங்கிப்போயிருந்தது. "ஆமாங்க... இன்னும் ஒரு மாசம் அங்கதான வேல பாக்கணும். ஆளாளுக்கு வெத்தல பாக்கு வெக்கறானுங்க, மாப்ள முறுக்கு ஏறிடுச்சான்றானுங்க. பேசாம பழைய மாதிரியே..."

"பாத்தியா," என்றார் பெரியண்ணன்.

செவ்வந்தியின் கை மவுஸின் மேல் இருந்தது. மணி நாலு நாற்பது. அவரே வேண்டாம் என்றால் அவள் என்ன செய்ய முடியும்?

போனில் ஏதோ உரசும் சத்தம் கேட்டது. "அந்தப் போன இங்க குடுங்க," என்றது ஒரு குரல். "குடுங்கன்னா." பிறகு தெளிவாக, கிட்டத்தில்:

"கண்ணு, செவ்வந்தியா?"

"ஆமாம்மா."

"அந்த ரெண்டு நாற்காலி போட்ட ரூம் இருக்கா, போய்டுச்சா?"

"இருக்கும்மா. இன்னும் இருவது நிமிசம் இருக்கு."

"அதையே போடு. காந்திமதி கதையெல்லாம் எனக்கு மனப்பாடம். இவரு கதைதான் எனக்குத் தெரியல. நேத்து வண்டியில வரும்போது ரெண்டு சொன்னாரு, நல்லாத்தான் சொல்றாரு." பின்னால் சிவப்பிரகாசம் ஏதோ முனகினார். "நீங்க சும்மா இருங்க. கேலி பண்றவன் வூட்டுல சோறு இல்ல, நம்ம வூட்டுல இருக்கு. போடு கண்ணு."

பெரியண்ணன் போனை அணைத்தார். எழுந்து, வாசலில் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் கெட்டவர் இல்லை. மழை நாளில் கடையைச் சாத்தியதும் அவளைத் தன் வண்டியிலேயே வடலூர் பஸ்ஸில் ஏற்றிவிடுவார். கம்ப்யூட்டரைத் தொடவே பயந்தவளுக்கு, "ஒடஞ்சா ஒடையட்டும், அமுக்கிப் பாரு," என்று சொல்லிக்கொடுத்தவர். அவளுடைய அப்பா தனகோட்டி முதல் நாள் கும்பிட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றபோது, உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தவர்.

"இங்க பாரும்மா," என்றார் இறங்கிய குரலில். "அந்தம்மாவுக்கு நீயே போன் போடு. சிஸ்டத்துல பாத்தேன், அந்த ரூம் போய்டுச்சு, ஃபுல்லுன்னு சொல்லு. அவங்களுக்கு எப்படித் தெரியப் போவுது? நாலு நாளு கோவமா இருப்பாங்க. அப்புறம் எட்டுப் பேரும் ஒண்ணாப் போய்ட்டு வருவாங்க. யாருக்கு இன்னா நட்டம்?"

"நான் சொல்ல மாட்டேன்ணே."

"சொன்னா நாளைக்கு வழக்கம் போல ஒம்போது மணிக்கு வா. இல்லன்னா..." அவருக்கே அதை முடிக்கப் பிடிக்கவில்லை. "உங்கப்பாகிட்ட நான் இன்னான்னு சொல்றது?"

"நானே சொல்லிக்கறேன்."

"கோவத்துல பேசாத. வேல கெடைக்கறது எவ்ளோ கஷ்டம்னு உனக்குத் தெரியும்."

தெரியும். பி.காம். முடித்து ஒன்றரை வருடம் அவள் அம்மா ருக்குமணியோடு முந்திரி உடைக்கப் போனவள். விரலில் முந்திரிக்கொட்டையின் பால் பட்டுத் தோல் உரிந்த தழும்பு இன்னும் போகவில்லை. கோபத்தில் அவள் எத்தனையோ பேசியிருக்கிறாள், பிறகு வீட்டுக்குப் போய் அழுதும் இருக்கிறாள். இப்போது கோபமே இல்லை. தெளிவாக இருந்தது, தலைக்குக் குளித்த மாதிரி.

பெரியண்ணன் பேசிக்கொண்டே இருந்தார். வேன் டியூ, டிரைவர் சம்பளம், பழனிவேலின் மச்சான் வேறு ஒரு வேன் கடை வைக்கப் போவதாகக் கேள்வி. அவள் தலையாட்டிக்கொண்டே பெயர்களை ஆதாரோடு ஒருமுறை ஒப்பிட்டாள். சிவப்பிரகாசம், எழுத்து சரி. கஸ்தூரியம்மாள், எழுத்து சரி. அழுத்தினாள். பக்கத்திலிருந்த பிரிண்டர் கனைத்துக்கொண்டு கிளம்பியது.

"அது இன்னா சத்தம்?" என்றார் பெரியண்ணன்.

"டிக்கெட்டு."

"அடிப்பாவி. இவ்ளோ நேரம் நான் யாருகிட்ட பேசிக்கினு இருந்தேன்?"

"நீங்க பேசி முடிக்கட்டும்னுதான் இருந்தேன்ணே. நடுவுல எழுந்து போனா மரியாதையில்ல."

அவர் வாயைத் திறந்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டதோ என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. ஆனால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. டிபன் டப்பாவை எடுத்தாள். சூடு ஆறாத அந்த இரண்டு தாளையும் உறையில் போட்டு, மேலே கஸ்தூரியம்மாளின் பெயரை முதலிலும் சிவப்பிரகாசத்தின் பெயரை அடுத்தும் எழுதினாள். கம்ப்யூட்டர் பாஸ்வேர்டை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பெரியண்ணன் பக்கம் நகர்த்தினாள்.

"எங்க போற?"

"அவங்க வூட்டுல குடுத்துட்டு அப்படியே பஸ் ஏறிடறேன். பொங்கலுக்கு வரேன்ணே, அண்ணிகிட்ட சொல்லிவைங்க."

"செவ்வந்தி. நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலியே."

"தெரியும்ணே," என்றாள் அவள், செருப்பை மாட்டிக்கொண்டே.

படியிறங்கி பஜார் வெயிலுக்குள் வந்தபோது பின்னால் கடையின் போன் அடிக்கத் தொடங்கியது. இனி அதை அவர்தான் எடுக்க வேண்டும். அவள் உறையை மடங்காமல் பிடித்துக்கொண்டு குவார்ட்டர்ஸ் பக்கம் நடந்தாள்.